ஸ்விட்ச் போடாத கிரைண்டர்

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் மேஜைக்கு மேலே சுற்றும் ஃபேனுக்குக் கண்டென்சர் பலவீனமாகிவிட்டது. ரெகுலேட்டரை முழுக்கத் திருப்பியும் அது சோம்பிச் சுற்றுவது அதனால்தான். உங்கள் ஆட்கள் எண்ணெய் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இறக்கைகளின் நடுவில் பிசுக்கு தெரிகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய், மிக்ஸி நின்றால் ஒரு தட்டு, ரேடியோ கரகரத்தால் இரண்டு தட்டு என்பதுதான் ஆலங்காயத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். போகட்டும், அதற்காக நீங்கள் என்னை அழைக்கவில்லை.

பாஞ்சாலியின் நாஷ்டாக் கடைக் கிரைண்டரைச் சோதித்து, அதில் என்ன கோளாறு என்று நான்கு வரியில் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் வாயால் சொன்னதை ரைட்டர் சிங்காரம் எழுதிக் காட்டினார். 'மேற்படி கிரைண்டரில் கரண்ட் அதிகமாகி மேற்படி பாஞ்சாலியைத் தாக்கியது' என்று இருந்தது. கரண்ட் என்ன ஏரித் தண்ணீரா, மழை பெய்தால் அதிகமாவதற்கு? அந்தத் தாளில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். நான்கு வரியில் முடியாது.

என் பெயர் அருணகிரி. வயது நாற்பத்தொன்று. வேலூரில் இரண்டு வருடம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் தொழில் படித்துத் தேறியவன். பதினாறு வருடமாக ஆலங்காயம் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வாணியம்பாடி போகிறவர்கள் என் போர்டைப் பார்க்காமல் பஸ் ஏற முடியாது. படித்தவன் ஒருவன் இங்கே இருக்கிறான் என்பதை அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆயுத பூஜை அன்று காலை பாஞ்சாலி கிரைண்டரைத் தொட்டபோது ஸ்விட்ச் போடவில்லை. பார்த்தவர்கள் நாலு பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்விட்ச் போடாத கிரைண்டர் எப்படி ஒரு பெண்ணைக் கொன்றது? லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, "விதிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு விதியைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோளாறைக் கண்டுபிடித்தவன் சடையன். அவனைத்தான் நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். நான் உள்ளே வரும்போது கம்பிக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, "மேஸ்திரி, கம்பி மாறிக் கீதா இல்லியான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா. நீங்க எழுதுறதுலதான் எம் பொழப்பு கீது" என்று கும்பிட்டான். அவன் சொன்னது சரி. நான் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. எனவே ஒழுங்காக எழுதுகிறேன்.

பழுது பார்ப்பது என்றால் திருப்புளியோடு பாய்வது என்று இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டும். எப்போது நின்றது, நிற்பதற்கு முன் என்ன சத்தம் வந்தது, என்ன வாடை அடித்தது. அதற்கு அவர்கள் சொல்லும் பதிலை நம்பக் கூடாது. எனக்கு வந்த அயர்ன் பாக்ஸ்களில் பாதி 'தானாகவே' கீழே விழுந்தவை. பிறகு கண்ணால் பார்க்க வேண்டும், முகர்ந்து பார்க்க வேண்டும். ப்ளக்கில் தொடங்கி ஒவ்வொரு இடமாக டெஸ்ட் லேம்ப் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் மெகர். அது கைப்பிடியைச் சுழற்றினால் கம்பியின் மேல்காப்பு எவ்வளவு நல்லதாக இருக்கிறது என்று முள் காட்டும் பெட்டி. முள் மேலே நின்றால் பயமில்லை, கீழே படுத்தால் உள்ளிருக்கும் கரண்ட் வெளி இரும்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கத்தில் மெகர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

போன தை மாதம் பாஞ்சாலி கிரைண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி என் கடைக்குக் கொண்டுவந்தாள். அவளை உங்களுக்குத் தெரிந்திருக்காது. புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இருந்துவிட்டான். அவள் இட்லி போட்டு மகளைப் பத்தாவதுவரை படிக்க வைத்தாள். உழைப்பாளி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெஷின் என்றால் ஒன்றும் தெரியாது.

"அருணகிரிண்ணா, தொட்டா கிள்ளுது. மாவு வழிக்கக் கைய வெக்க முடியல. இன்னான்னு பாருங்க" என்றாள்.

பார்த்தேன். முறைப்படி எல்லாவற்றையும் பார்த்தேன். மோட்டார் காயிலின் ஒரு முனையில் காப்பு நைந்துபோய்க் கம்பி இரும்பில் உரச ஆரம்பித்திருந்தது. மெகர் முள் பாதியில் நின்றது. கிரைண்டரோடு வந்த மூன்று முள் ப்ளக்கை யாரோ வெட்டிவிட்டு இரண்டு முள் ப்ளக்கை மாட்டியிருந்தார்கள், அவள் கடையில் இருந்த பாயிண்ட் அப்படி என்பதால். எர்த் என்ற பேச்சே கிடையாது. நான் சொன்னேன்: காயில் புதிதாகக் கட்ட வேண்டும், பின்பக்கம் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்க வேண்டும், மூன்று முள் பாயிண்ட் மாற்ற வேண்டும், எட்டு நாள் ஆகும்.

"எட்டு நாளா? எட்டு நாளு கடைய மூடிட்டு நானும் எம் பொண்ணும் இன்னாத்தத் துன்றது?"

"உசுரு இருந்தா அப்பறம் துன்னலாம்" என்றேன்.

அவள் கிரைண்டரைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த சந்தைக்குச் சடையன் வந்தான். நெல்லிவாசல்நாட்டுக்காரன். மலையிலிருந்து நடந்தும் ஜீப்பில் தொற்றியும் புளி, கடுக்காய் மூட்டையோடு இறங்குவான். அந்த மூட்டையோடு ஒரு துணிப்பையும் வரும். அதில் ஒரு குறடு, இரண்டு துண்டு ஒயர் கட்டிய ஒரு பல்பு, கொஞ்சம் டேப். வாணியம்பாடியில் காயில் கட்டும் கடை ஒன்றில் மூன்று வருடம் கூலிக்கு இருந்திருக்கிறான், அவ்வளவுதான் அவன் படிப்பு. அவன் ஊருக்கு இன்னும் கரண்டே போகவில்லை. கரண்ட் இல்லாத ஊர்க்காரன், கரண்ட் இருக்கும் ஊரில் வந்து கரண்ட் வேலை பார்க்கிறான். இதைக் கேட்டுச் சிரிக்க இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

புறங்கையால் கிரைண்டரை ஒரு தடவை தடவினான். ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினான். "இப்ப தொடு யக்கா" என்றான். அவள் தொட்டாள். கிள்ளவில்லை. அவள் குங்குமச் சிமிழையே வாங்கி ப்ளக்கின் மேல்பக்கம் ஒரு பொட்டு வைத்தான். பொட்டு மேலே இருக்கும்படிதான் செருக வேண்டும் என்றான். வேலை முடிந்தது.

ஏன் கிள்ளவில்லை என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ரைட்டர் வேறு மாதிரி எழுதிவிடுவார். வீட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளில் ஒன்றில்தான் ஆளை அடிக்கும் கரண்ட் இருக்கும்; அது பேஸ். மற்றது நியூட்ரல், அது திரும்பிப் போகும் வழி. காயிலின் கெட்டுப்போன முனை பேஸ் பக்கம் இருந்தால் கிள்ளும், நியூட்ரல் பக்கம் இருந்தால் கிள்ளாது. ப்ளக்கைத் திருப்பினால் முனைகள் இடம் மாறும். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். சடையன் செய்தது அதைத்தான்.

ஒரு விஷயத்தை மறைத்தால் அறிக்கை முழுமையாகாது. "இது வைத்தியம் இல்ல யக்கா. காயிலு உள்ளுக்குள்ள நைஞ்சிக்கினு கீது. இந்தப் பலகை மேல நின்னுக்கினு அரை, கால்ல ரப்பர் செருப்பு போட்டுக்கோ. ஒரு நாள் மெஷின வுடு, நானே காயில் கட்டித் தர்றேன்" என்றும் அவன் சொன்னான். சந்தைக்கு வரும்போதெல்லாம் கேட்டான். அவள்தான் இந்த வாரம் கல்யாண ஆர்டர், அடுத்த வாரம் கிருத்திகை என்று தள்ளிக்கொண்டே போனாள். பொட்டு வேலை செய்யும்போது எவள் காயில் கட்டுவாள்?

அன்றிலிருந்து எனக்கு ஒரு பெயர் வந்தது. பாஞ்சாலி கடை டீ மாஸ்டர் தாண்டவராயன் வைத்த பெயர். "இன்னா எட்டு நாளு, டீ இப்பவே வேணுமா, எட்டு நாள் ஆவட்டுமா?" என்பான். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பாஞ்சாலி அவனை அதட்டுவாள், ஆனால் அதட்டும்போது அவள் வாயோரத்திலும் சிரிப்பு இருக்கும். பிறகு ஊரில் போகிற வீட்டில் எல்லாம் ப்ளக்கில் பொட்டு. அயர்ன் பாக்ஸ் ப்ளக்கில் பொட்டு, ஹீட்டர் ப்ளக்கில் பொட்டு. ஒரு வீட்டில் சந்தனமும் சேர்த்து வைத்திருந்தார்கள். நான் இரண்டு வருடம் படித்ததை ஒரு துளி குங்குமத்தில் முடித்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய காரணம் இல்லை.

அந்தப் பொட்டு நம்பியிருந்தது ஒன்றைத்தான். போஸ்டிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதை. காற்றில் கம்பி அறுந்து, லைன்மேன் அவசரத்தில் மாற்றிக் கட்டிவிட்டால் போதும். பொட்டு மேலே இருக்கும், கிரைண்டர் கடிக்கும். இது நடக்கக்கூடியதுதான். நான் ஆடிக் காற்றுக்காகக் காத்திருந்தேன். இந்த வருடம் ஆடிக் காற்று ஒரு கம்பியைக்கூட அறுக்கவில்லை.

ஆவணியில் பாஞ்சாலி ஃபேன் ஸ்விட்ச் மாற்ற என்னை அழைத்தாள். ஸ்விட்ச், ஃபேன் வேலைக்கு என்னைத்தான் அழைப்பாள். அவள் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் இருந்த கிரைண்டருக்கு மெகர் வைத்துப் பார்த்தேன். தையில் பாதியில் நின்ற முள் இப்போது பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. மாவுத் தண்ணீர் இறங்கி இறங்கிக் காப்பு முழுக்கப் போய்விட்டது. பொட்டு மேலே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் தையிலேயே சொல்லிவிட்டேன். ஒரே கோளாறை இரண்டு தடவை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாஞ்சாலி செத்த மறுநாள் சேதி கேட்டுச் சடையன் இறங்கி வந்தான். அவள் உடலை எடுத்துப் போவதற்கு முன் கடைக்குள் போனான். பல்பின் ஒரு ஒயரை அடி பம்புக் குழாயில் வைத்தான், இன்னொன்றைக் கிரைண்டர் பாயிண்டின் ஓட்டையில் விட்டான். ஸ்விட்ச் அணைத்திருந்தது. பல்பு எரிந்தது. பிறகு வெளிச்சுவரில் இருக்கும் மெயின் போர்டைத் திறந்து பார்த்து, "சிவப்புக் கம்பி இடம் மாறிக் கீது. ஸ்க்ரூவுல புதுக் கீறல் கீது. இது தானா ஆவல, யாரோ மாத்திக் கீறாங்க" என்றான். எல்லாம் கால் மணி நேரம். குருட்டு யோகம் சிலருக்கு அப்படி அடிக்கும்.

அவன் சொன்னது சரி. நேற்று நானும் பார்த்தேன். மீட்டரைத் தாண்டி வரும் இரண்டு கம்பிகளும் மெயினில் இடம் மாறியிருக்கின்றன. இடம் மாறினால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஸ்விட்ச் இனிமேல் வெட்டுவது நியூட்ரலை. ஸ்விட்சை அணைத்தால் மோட்டார் நிற்கும், பேஸ் மட்டும் நேராக வந்து காயிலின் கெட்ட முனையில் நிற்கும். அங்கிருந்து இரும்பு உடம்புக்கு. அதனால்தான் ஸ்விட்ச் போடாத கிரைண்டர் கொன்றது. இதில் விதி எங்கும் வரவில்லை.

லைன்மேனுக்கே தெரியாதது இந்த மலைக்காரனுக்கு எப்படித் தெரிந்தது, மாற்றியவனுக்குத்தான் தெரியும் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். அந்த மெஷினில் கை வைத்தவனும் அவன்தான் என்று ஊரார் சொன்னார்கள். எட்டு மாதம் அவன் பொட்டைக் கும்பிட்ட அதே ஊரார். உங்கள் கணக்கு பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் முதல் கேள்வியைக் கேட்கவில்லை. பழுது வருவதற்கு முன் கடைசியாக அங்கே வேலை செய்தவர் யார்?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் பாஞ்சாலி என்னை அழைத்தாள். சாமி படத்துக்குச் சீரியல் பல்பு கட்ட வேண்டும். "சடையன் சந்தைக்குத்தான் வருவான். அவன் இருந்தாலும் போர்டுல கைய வெக்கிற வேலைன்னா நீங்க வந்தாத்தான்ணா எனக்கு தைரியம்" என்றாள். காப்பி கொடுத்தாள். சர்க்கரை அளவாக இருந்தது.

சீரியல் பல்புக்கு மெயின் போர்டைத் திறக்கவே தேவையில்லை. அது அவளுக்குத் தெரியாது. ஃப்யூஸைப் பிடுங்கினேன். இரண்டு ஸ்க்ரூ, இரண்டு கம்பி. கழற்றிய ஸ்க்ரூ கீழே விழுந்து தொலையக் கூடாது என்று அவளை உள்ளங்கையை நீட்டச் சொன்னேன். அவள் இரண்டு ஸ்க்ரூவையும் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். நான் கேட்டபோது ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். மகள் பூங்கோதையை அடுத்த வருடம் வாணியம்பாடியில் பிளஸ் ஒன்றில் சேர்க்கலாமா, டைப்ரைட்டிங் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சேர்க்கலாம் என்றேன்.

ஃப்யூஸைப் போட்டதும் சீரியல் பல்பு அழகாக எரிந்தது. கிரைண்டரின் ப்ளக் அன்று பிடுங்கிக் கிடந்தது, கடை பூஜைக்காக மூடியாகிவிட்டது. மறுநாள் காலைதான் செருகுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் தற்செயல் என்று எழுதுவீர்கள். மற்ற நாளில் அவள் பலகை மேல் நிற்பாள், காலில் ரப்பர் செருப்பு இருக்கும். சடையன் சொன்னதை அந்த அளவுக்குக் கேட்டு நடந்தாள். ஆயுத பூஜை அன்று கடையைக் கழுவி விடுவார்கள். பலகையைத் தேய்த்து வெயிலில் சாய்த்து வைப்பார்கள். ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, மெஷினுக்குச் சந்தனம் வைத்து, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இந்த ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் இப்படித்தான். பழுது பார்ப்பவனுக்கு மெஷின் மட்டும் தெரிந்தால் போதாது, அதைப் பயன்படுத்துகிறவர்களின் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணி இருக்கும். என் கடையிலும் பூஜை முடித்திருந்தேன். திருப்புளி, குறடு, மெகர் எல்லாம் வாழை இலை மேல் இருந்தன. தாண்டவராயன் வந்தான். ஈரக் கை, காலில் செருப்பு.

"மேஸ்திரி, ப்ளக்க செருகிட்டு மெஷினத் துணியால தொடைச்சேன். ஸ்விட்சே போடல, சுருக்குன்னுது. ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா? யக்கா கற்பூரம் ஏத்தப் போவுது."

அன்று அவன் என்னை மேஸ்திரி என்றான். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"இன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதுடா" என்றேன். "பொட்டு மேலதான கீது?"

"மேலதான் கீதுங்க."

"அப்பறம் இன்னா? உங்க சடையன் வெச்ச பொட்டு. ஒண்ணும் ஆவாது, போ."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். தெருவைத் தாண்ட ஒரு நிமிடம். கற்பூரம் காட்ட ஒரு நிமிடம். நான் கடை வாசலில் நின்றேன். முதலில் மணிச் சத்தம் கேட்டது, பிறகு மணி நின்றது, பிறகு தாண்டவராயன் குரல். ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கியவன் அவன்தான். அதற்குள் முடிந்துவிட்டது. நான் போனபோது அவள் சந்தனக் கிண்ணத்தின் மேல் சாய்ந்து கிடந்தாள்.

உடலை வீட்டின் முன் போட்டிருந்தபோது பூங்கோதை என்னிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "மாமா, ஸ்விட்ச் அணைச்சிதான இருந்துது. எப்படி மாமா அடிச்சுது?" என்று கேட்டாள். அத்தனை கூட்டத்தில் விஷயத்தைத் தொட்டுக் கேட்டவள் அவள் ஒருத்திதான். படிக்க வைத்தால் நன்றாக வருவாள். அவளுக்குப் பதில் சொல்ல நினைத்தேன். அதற்குள் யாரோ அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

கொல்ல நினைக்கவில்லை, ஒரு அடி வாங்கினால் புத்தி வரும் என்றுதான் நினைத்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் ஊரும் நம்பும். ஆனால் ஆவணித் தேதி போட்ட நோட்டு கடையில் மேஜை டிராயரில் இருக்கிறது. முள் பூஜ்யம் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பூஜ்யம் என்றால் கிள்ளுவதோடு நிற்காது, ஆளை விடாது என்பது எனக்குத் தெரியும். அளந்ததை இல்லையென்று சொல்வது என் தொழிலில் கிடையாது. நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள்.

நான் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. பொட்டு பொய் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். யாராவது ஒருவர் என் கடை வாசலில் வந்து நின்று, "தையிலயே நீங்க சொன்னீங்க, நாங்கதான் கேக்கல" என்று சொல்ல வேண்டும். பத்து நாளாகக் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ப்ளக்கில் பொட்டை அழித்தார்களே தவிர, ஏன் அழிக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆள் செத்த பொட்டு, ராசியில்லை என்று அழித்திருக்கிறார்கள். இவர்களுக்கு எதைச் செய்து காட்டினாலும் புரியாது.

மெயின் போர்டில் கம்பிகளை மாற்றியவன் நான். மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்து மாற்றினேன். வந்து பார்க்கச் சொல்லி ஒருவன் கேட்டபோது தெரிந்தே அனுப்பி வைத்தேன். பாஞ்சாலியைக் கொன்றது நான்தான். இதை யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை. சிங்காரம் மூன்று தடவை டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

சடையனை விட்டுவிடுங்கள். அவன் மேல் பரிதாபப்பட்டு இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கேஸ் கட்டில் அவன் பெயர் ஏறி, வேலூர் கோர்ட்டில் வக்கீல்கள் எழுந்து நின்று, இவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்தவன் இந்த நெல்லிவாசல்நாட்டுச் சடையன் என்று படிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அவன் ஒரு பல்பையும் இரண்டு துண்டு ஒயரையும் வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறவன். அந்த அளவுக்கு அவனுக்குத் தொழில் தெரியாது.